பத்தை உள்ளே போட்டாச்சு

அந்தப் பட்டறைக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு பலகை கண்ணில் படும். சுற்றுவட்டாரத்துப் பட்டறைகளின் மானம் மொத்தமும் அதில்தான் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதி உருகிய டார்ச் லைட், ஃபேன் பெல்ட் மென்று துப்பிய துணி, பல் உதிர்ந்த சீப்பு, யாரோ டீ குடித்துவிட்டு எஞ்சின் மேலேயே மறந்து வைத்த எவர்சில்வர் டம்ளர், ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் மிஞ்சிய மூக்குக்கண்ணாடி, திருப்புளிகள், ஸ்பேனர்கள். எல்லாம் வண்டிகளின் வயிற்றிலிருந்து எடுத்தவை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுச் சீட்டு. சாமானை உள்ளே வைத்து மூடிய மகான் எந்தப் பட்டறைக்காரர் என்பது அதில் கொட்டை எழுத்தில் இருக்கும்.

பலகையின் சொந்தக்காரரை எல்லோரும் காது என்பார்கள். நிஜப்பெயர் அவர் மனைவிக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. அவளும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவருடைய காதுகள் உருவத்திலும் தாராளமானவைதான், ஆனால் பெயர் அதனால் வரவில்லை. மரக்கைப்பிடி போட்ட நீளமான திருப்புளி ஒன்று வைத்திருந்தார். ஓடும் எஞ்சினில் அதன் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். பெரிய டாக்டர் வார்டுக்கு வந்ததுபோல மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். "மூணாவது வால்வு முனகுது" என்பார். "வாட்டர் பம்ப்ல பேரிங் போகப்போகுது. வெளியூர் எங்கயும் கிளம்பாத" என்பார். கேட்காமல் கிளம்பியவன் எல்லாம் கயிறு கட்டித்தான் திரும்பினான்.

இவ்வளவு கேட்கிற காதில் மனிதர்கள் பேசுவது மட்டும் ஏறாது. காது நன்றாகத்தான் இருந்தது, பொறுமைதான் இல்லை. நம் மொழியில் என்ன செய்தான், செய்தானா இல்லையா என்பதெல்லாம் கடைசிச் சொல்லில்தான் தெரியும். காது அதுவரை காத்திருக்கமாட்டார். பாதி வாக்கியத்திலேயே பதில் சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை மனைவி, "என்னங்க, உங்க வெள்ளைச் சட்டைய அயர்ன் பண்றப்ப..." என்று ஆரம்பித்தாள். "சரி சரி, போட்டுக்கறேன்" என்று அதையே மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். முதுகில் இஸ்திரிப்பெட்டியின் உருவம் கருகிப் பதிந்திருந்தது. ஆள் முன்வரிசையில் உட்கார்ந்து சாவகாசமாகப் படமெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நான் பேசறப்ப கொஞ்சம் புகையும் விட்டாத்தான் உங்களுக்குக் கேக்கும்போல" என்பாள் மனைவி. அவள் பட்டறையின் பின்னறையில் கார்களுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கத் தையல் மெஷின் ஓடும். அது திடீரென்று நின்றால் அவள் எதையோ உற்றுக் கேட்கிறாள் என்று அர்த்தம். அந்தக் குடும்பத்தில் காது என்று சொல்லத்தக்க சாமான் உண்மையில் அவளிடம்தான் இருந்தது.

பலகையில் முதலில் தொங்கியது எதிர்ப்பட்டறைக்காரரின் கட்டிங் பிளேயர். அந்த மனிதருக்குக் காதின் வயதுதான், தொழிலும் சுமாராகத் தெரியும். தன் பிளேயர் ரோட்டைத் தாண்டி இன்னொருவன் சுவரில் தொங்குவதை டீ குடிக்கும்போதெல்லாம் பார்க்க வேண்டியிருந்ததில் அவருக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் டீக்கடையில் வாயைத் திறந்தார்.

"ரொம்ப ஆடாத காது. ஒருநாள் உன் சாமானும் ஒரு எஞ்சின்ல கிடைக்கத்தான் போவுது."

"கிடைச்சா உன் பட்டறை வாசல்ல வந்து நிக்கறேன். 'எனக்குக் காது கேக்காது'ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி கத்திச் சொல்றேன். போதுமா?" என்றார் காது.

டீக்கடையே சிரித்தது. எதிர்ப்பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. "இதை எல்லாரும் கேட்டுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரை வைத்தார். காது என்ற பெயரை நம்பித்தான் ஜனம் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறது. அதைத் தன் வாயாலேயே இல்லை என்று சொன்னால் பிறகு பட்டறையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பது காதுக்கும் தெரியும். ஆனால் தலைக்கனம் வாயைத் திறந்த பிறகுதானே புத்திக்கு விஷயம் தெரிகிறது.

இந்த நிலையில்தான் மனைவியின் தம்பி வேலைக்கு வந்து சேர்ந்தான். நாற்பதை நெருங்கிய ஆள். செருப்புக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தான், கடையை இழுத்து மூடிவிட்டார்கள். நல்லவன், கெட்டிக்காரன்கூட, ஆனால் பேச்சு மாட்டுவண்டி. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் போய்ச்சேரும். இதற்காகவே அவனைப் பல இடங்களில் வேண்டாம் என்றிருந்தார்கள். பட்டறையில் அவனுக்குப் பிடித்துப்போனது. சாமான்களைத் துடைத்து வரிசையாக அடுக்குவான். வேறு யாரும் சொந்தம் கொண்டாடிவிடக் கூடாதென்று, ஒவ்வொன்றிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தான். இருந்திருந்து இப்போதுதான் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று அக்காவுக்கு நிம்மதி.

வாக்கியத்தை முடிக்காதவரும் முடிக்கவே விடாதவரும் ஒரே கூரையின்கீழ் வேலை பார்த்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் டீச்சரம்மாவின் கார் டைமிங் பெல்ட் மாற்ற வந்திருந்தது. எஞ்சினின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற ரப்பர் பட்டை அது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எஞ்சின் பாழாய்ப்போகும். காது புதுப் பெல்ட்டைக் கச்சிதமாகப் பொருத்திவிட்டு, மேல்மூடியைப் பூட்டும் வேலையை மச்சினனிடம் விட்டார். மூடிக்குப் பத்தாம் நம்பர் போல்ட், அதைப் பூட்டப் பத்தாம் நம்பர் ஸ்பேனர். பட்டறையில் போல்ட்டும் பத்துதான், ஸ்பேனரும் பத்துதான். யாரும் நம்பரைத் தாண்டிப் பேசுவதில்லை. காது பக்கத்தில் ஒரு டாக்ஸியின் எஞ்சினில் திருப்புளியை ஊன்றிக் கண்ணை மூடியிருந்தார்.

"மாமா..." என்றான் மச்சினன். "பத்த... உள்ள... போட்டுட்டேன்."

"பலே."

"இப்ப... என்ன பண்றது மாமா?"

"இதையும் நான்தான் சொல்லணுமா? மூடு."

"மூடிடலாங்களா?"

"மூடு மாப்ளே! இங்க ஒரு சத்தத்தப் புடிச்சு வச்சிருக்கேன், நழுவிடப் போவுது!"

பின்னறையில் தையல் மெஷின் ஒரு கணம் நின்றது, பிறகு ஓடியது. மச்சினன் கொஞ்ச நேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வேறொரு ஸ்பேனரை எடுத்துவந்து மூடியைப் பூட்டினான்.

மறுநாள் காது பத்தாம் நம்பர் குட்டை ஸ்பேனரைத் தேடினார். "அது வந்து மாமா, அந்த டீச்சரம்மா..." என்று மச்சினன் ஆரம்பித்தான். "டீச்சரம்மா ஏன்யா ஸ்பேனர எடுக்கறாங்க? எதிர்ப்பட்டறைக்காரன்தான் தூக்கியிருப்பான்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். "இந்தப் பட்டறையில எத்தனை பத்து வாங்கிப்போட்டாலும் பத்தமாட்டேங்குது" என்று தன் நகைச்சுவையைத் தானே ரசித்தபடி போய்விட்டார்.

கொஞ்ச நாளில் அந்தக் கார் திரும்பி வந்தது. ஸ்டீயரிங்கில் வியர்த்து வழியும் ஒரு கற்றுக்குட்டி, பக்கத்தில் டீச்சரம்மா. வண்டி தவளைபோல் குதித்துக் குதித்து வாசலில் நின்றது.

"கிளட்ச் பழகாதவங்க வண்டிய உதறுறப்பல்லாம் உள்ள யாரோ கதவத் தட்டறாங்க" என்றார் டீச்சரம்மா. "நான் ஓட்டினா சத்தமே வரல. இந்தப் புள்ளைங்க, நாங்கதான் வண்டியக் கெடுத்துட்டோமோன்னு பயப்படுதுங்க."

காது கற்றுக்குட்டியிடம் வண்டியை உதறச் சொன்னார். அதற்கு அவனுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. திருப்புளியை வைத்துக் கண்ணை மூடினார். ணங். அவர் முகத்தில் ஈயாடவில்லை. டைமிங் மூடிக்குள்ளே, அடி மூலையில், எந்த உறுப்புக்கும் சொந்தமில்லாத ஒரு இரும்புத்துண்டு. சின்னது. ஒரு முனை வளையம். அந்தக் காது பொய் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னால் தேவலை என்றிருந்தது.

"போய் டீ சாப்ட்டு வாங்க, பாக்கறேன்" என்று இருவரையும் அனுப்பிவிட்டு மூடியைக் கழற்றினார். குட்டை ஸ்பேனர் மூலையில் பூனைக்குட்டியாய்ச் சுருண்டு கிடந்தது. சிவப்புப் பொட்டு அப்படியே பளபளத்தது. கொஞ்சம் புரண்டு மேலே எழும்பியிருந்தால் பெல்ட் அறுந்திருக்கும். அதுவும் பெரிய ரோட்டில், இந்த மாதிரி ஒரு பிள்ளை ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் லாரி வரும்போது. அந்த ஒரு நிமிஷம் காது நிஜமாகவே அந்தப் பிள்ளைக்காகப் பயந்தார். அடுத்த நிமிஷம் தன் மானத்துக்காகப் பயந்தார். இரண்டாவது பயம் அதிக நேரம் நீடித்தது.

வாசலில் நிழல் விழுந்தது. எதிர்ப்பட்டறைக்காரர்.

"என்ன காது, நீ பாத்த வண்டி உன்கிட்டயே திரும்பி வந்திருக்கு?"

ஸ்பேனர் சட்டைப்பைக்குள் போனது. "ஒண்ணுமில்ல. பெல்ட் டென்ஷன்."

"பெல்ட்டுக்கா, உனக்கா?" என்று கேட்டுவிட்டு, அவர் பலகையை ஒருமுறை ஆசையோடு பார்த்துக்கொண்டு போனார்.

காதின் மூளை புது பெல்ட் போட்டதுபோல ஓடியது. சாமான் என்னுடையதுதான், உள்ளே போட்டது நான் இல்லையே. மறைத்தால்தானே தப்பு? நானே பலகையில் மாட்டி, சீட்டில் மச்சினனை எழுதிவிட்டால்? சொந்தக்காரன் என்றுகூடப் பார்க்காத நேர்மையான மனுஷன் என்று பெயர்தான் வரும். மேஜையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து 'மாப்பிள்ளை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பிறகு அவனைக் கூப்பிட்டு, முகத்துக்கு நேரே ஸ்பேனரை நீட்டினார்.

"என்ன இது?"

"நம்ம... பத்து மாமா."

"எங்க கிடந்தது தெரியுமா? ஒரு உசுரு போயிருக்கும்! என் மானம் கப்பலேறியிருக்கும்! நாளைலேர்ந்து நீ இங்க வர வேணாம்."

"மாமா, நான் அன்னிக்கே..."

"பேசாத! வாயத் தொறந்தே, எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

மச்சினன் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் அவன் வாழ்க்கை முழுக்க எல்லோரும் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க்கறை படிந்த மேல்சட்டையைக் கழற்றி நான்காய் மடித்து பெஞ்சில் வைத்தான். அதன்மேல் நெயில் பாலிஷ் புட்டியை வைத்தான். அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் பின்னறைக்குப் போனான்.

தையல் மெஷின் நின்றது. அது நின்றவாறே இருந்தது.

மனைவி வெளியே வந்தாள். கழுத்தில் டேப், ஒரு கையில் தம்பியின் மணிக்கட்டு. "என்னங்க, அன்னிக்கு இவன் உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"என்ன சொன்னான், பத்த உள்ள போட்டுட்டேன்னான். போல்ட்டப் பூட்டிட்டான்னு நானும்..."

முதல்முறையாகக் காதின் வாக்கியமும் பாதியில் நின்றது. பத்தை உள்ளே போட்டுட்டேன். பூட்டியவனும் அப்படித்தான் சொல்வான். கைதவறி நழுவவிட்டவனும் அப்படித்தான் சொல்வான்.

"ஸ்பேனர மாமா" என்றான் மச்சினன். "ஸ்பேனரத்தான்... போட்டுட்டேன்னு சொன்னேன்."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

காது கையிலிருந்த ஸ்பேனரைப் புரட்டினார்.

"பலேன்னீங்க. எனக்கு உள்ளேயே கேட்டுது. என்ன பண்றதுன்னு கேட்டான், மூடுன்னீங்க. மறுபடியும் கேட்டான். மறுபடியும் மூடுன்னீங்க."

"நான் பத்த எஞ்சின்ல போட்டேன்" என்றான் மச்சினன், தன் வேகத்தில். இந்தத் தடவை யாரும் குறுக்கே பேசவில்லை. "விஷயத்த... உங்க காதுல போட்டேன். நீங்க மூடச் சொன்னீங்க. இத்தனை வருஷம் எஞ்சினக் கேட்டவரு... மூடச் சொன்னா... உள்ள இருந்தா ஒண்ணும் ஆகாதுபோலன்னு... நெனச்சேன். இருந்தாலும் மறுநாளும் சொல்ல வந்தேன். எனக்கு... ராத்திரியெல்லாம் தூக்கமே வரல மாமா."

அவ்வளவு நீளமாக அவன் பேசி அந்தப் பட்டறை கேட்டதே இல்லை. காதுக்கு நெஞ்சுக்குள் ஏதோ தட்டியது. எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடிக்கத் திருப்புளி தேவைப்படவில்லை. வெட்கமாக இருந்தது. தப்பு செய்தவன் செய்த நிமிஷத்திலேயே வந்து சொல்லியிருக்கிறான். அதற்குப் பாராட்டும் கொடுத்து மூடி போட்டது யார்?

மனைவி மேஜைமேல் கிடந்த சீட்டைப் பார்த்தாள். 'மாப்பிள்ளை'. எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மாட்டறதுன்னா தாராளமா மாட்டுங்க. சரியான பேர எழுதி மாட்டுங்க" என்றாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவர் வழக்கம்போலப் பாதியில் நழுவியிருப்பார். அவள் மெதுவாகச் சொன்னாள், முழுசாகவும் சொன்னாள்.

காது சீட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் 'காது' என்று எழுதினார். இரண்டே எழுத்தை எழுத இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பலகையில் காலி ஆணி எதிர்ப்பட்டறைக்காரரின் பிளேயருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கேயே ஸ்பேனரை மாட்டிச் சீட்டைக் குத்தினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பட்டறை வாசலில் போய் நின்றார். மச்சினன் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னாலேயே வந்தான்.

பக்கத்து டீக்கடையில் டீச்சரம்மாவும் கற்றுக்குட்டியும் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்ஸிக்காரர்கள் சிலர் இருந்தார்கள். எதிர்ப்பட்டறைக்காரர் ஒரு ஜீப்பின் அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"எனக்குக் காது கேக்காது" என்றார் காது.

"என்னது?"

"எனக்குக் காது கேக்காது!"

"வண்டிச் சத்தத்துல ஒண்ணும் விழலயே" என்று எதிர்ப்பட்டறைக்காரர் காதுமடலில் கையைக் குவித்தார். பல வருஷத்து வயிற்றெரிச்சல், அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவாரா?

காது நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினார். "எனக்கு! காது! கேக்காது! என் ஸ்பேனர் டீச்சரம்மா வண்டியில கிடந்துது. இவன் அன்னிக்கே சொன்னான். நான்தான் கேக்கல."

முதலில் ஒரு டாக்ஸிக்காரன் சிரித்தான், அப்புறம் டீக்கடையே வெடித்தது. கற்றுக்குட்டி மட்டும் எழுந்து நின்று, "அப்ப நான் வண்டியக் கெடுக்கலையா?" என்று கேட்டான். "நீ கெடுக்கல தம்பி, நீ உதறினதாலதான் தெரிஞ்சுது" என்றார் காது. பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்ட டீச்சரம்மா இன்னும் சிரிக்கவில்லை. "பெல்ட் பக்கத்துலயா?" என்று கேட்டார். காது ஆமாம் என்று தலையாட்டினார். "இனிமே மூடறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க. நானே பாத்துக்கறேன்" என்றார் டீச்சரம்மா. காது அதையும் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

எதிர்ப்பட்டறைக்காரர் எழுந்து வந்தார். இத்தனை நாள் காத்திருந்த சந்தோஷம் நினைத்த அளவு இனிக்கவில்லைபோல, தலையைச் சொறிந்தார். "சரி சரி, தொண்ட கட்டிக்கப் போவுது. என் பிளேயரத் திருப்பிக் குடுத்துடு. அது நல்ல பிளேயருப்பா. அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒண்ணு எனக்கு அமையவேயில்ல."

"சீட்டு?"

"சீட்ட நீயே வச்சுக்க."

காதும் மச்சினனும் திரும்பி நடந்தார்கள். எதிரே பட்டறை வாசலில் மனைவி மடித்த மேல்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ரோட்டின் பாதியில் மச்சினன் நின்றான்.

"மாமா... அந்த வண்டிக்கு..."

காதுக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"...மூடிய..."

ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு இருவரையும் சுற்றிப் போனது.

"...இன்னும் போடல."

"போடலன்னா?" என்றார் காது. "மாட்டலங்கறியா, கீழ விழலங்கறியா?"

நியாயமான கேள்விதான். மச்சினன் நடுரோட்டிலேயே நின்று யோசிக்க ஆரம்பித்தான். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. காது காத்திருந்தார்.